பாதி முடிந்த எம்ஜிபி: விற்கிறவனே எழுதிய விமர்சனம்

காரை விற்கிறவனே அதைப் பற்றி விமர்சனம் எழுதினால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று மாதத்தில் ஏழு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் அங்கிள், இன்னும் சாயம் அடிக்கவில்லையா?" ஒவ்வொருவருக்கும் கோப்பி கலக்கிக் கொடுத்து என் வீட்டுக்காரிக்கு அலுத்துவிட்டது. விளக்கம் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எட்டாவதாக வருகிறவர் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

கார், 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டே பேர் உட்காரலாம். மேல்துணியை எடுத்துவிட்டால் திறந்த கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை, கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். என்னுடையது முதல் தலைமுறை. சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கும். 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யு கார்புரேட்டர், ஐந்து பேரிங் உள்ள கிராங்க். நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இல்லை. இப்போது முழுவதும் சாம்பல் நிறப் பிரைமரில், விபூதி பூசிக்கொண்ட பண்டாரம் மாதிரி நிற்கிறது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தின் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். இந்த வருடக் கடைசியில் அறுபது முடிகிறது, ஓய்வு. தோட்டத்துக் குவாட்டர்ஸ் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டவுனில் மகள் வாங்கியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் அவளுடைய மைவி காரை நிறுத்திவிட்டால் அப்புறம் செருப்பு விடத்தான் இடமிருக்கும். என் முழங்காலும் முன்போல இல்லை. இந்தக் காரில் ஏறுவது பாயில் உட்காருவது மாதிரி. இறங்குவது பாயிலிருந்து எழுந்திருப்பது மாதிரி. விற்பதற்கு வேறு ரகசியக் காரணம் எதுவும் இல்லை.

வாங்கியதற்குக் காரணம் கேட்டால், அது அப்பாவிடம் போய் நிற்கும். அப்பா தோட்டத்துத் துரைக்கு டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவுக்கு ஓய்வு. அன்று துரை தானே ஒரு திறந்த காரை ஓட்டிக்கொண்டு கிளப்புக்குப் போவார். அது எம்ஜியா டிரையம்பா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அந்தச் செம்மண் புழுதிக்குள் ஓடினோம், அவ்வளவுதான் நினைவு. தாத்தா மட்டும் தலையை ஆட்டுவார். 1948 ஜூனில் இந்த வட்டாரத்தில் ஒரே நாளில் மூன்று துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்த பிறகு, இரும்புத் தகடு அடித்த வண்டியில் துரைமார் போனதைப் பார்த்தவர் அவர். தலைக்கு மேலே ஒன்றுமில்லாத காரில் ஒரு துரை விசிலடித்துக்கொண்டு போவது அவருக்குக் கடைசி வரை அதிசயம்தான்.

2009இல் பக்கத்து லாசா ஊருக்குப் போகும் சாலையோரம் ஒரு தவுக்கேயின் (சீன முதலாளியின்) பழைய புகைக்கூடத்தில் இந்தக் காரைப் பார்த்தேன். கித்தாத் (ரப்பர்) தாள்களைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்ட இடம். அந்தத் தொழில் நின்று வெகுநாளாகி, பழைய சாமான் போடும் கிடங்காகிவிட்டது. காரில் கை வைத்தால் விரல் கருத்தது. துடைத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு. டார்ட்டன் ரெட் என்று எம்ஜிக்காரர்கள் சொல்கிற அசல் நிறம். 11,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடித்தோம். புகைக்கரி படிந்த மேல்பாகம் துருப்பிடிக்காமல் தப்பியிருந்தது. ஆனால் கீழே மண்தரை, ஈரம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து இன்றும் லேசாகக் கித்தாப் புகை வாசனை வரும். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

முதலில் என்ஜின். இதில் எனக்குப் பயமே இல்லை. 40 தவு (ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு போர் செய்தது. இந்தக் கார் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றி வந்தது. இப்போதைய பெட்ரோலில் அது கிடையாது. அதனால் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டி இரும்பு சீட் வைத்திருக்கிறேன். ரோன்95 ஊற்றி நிம்மதியாக ஓட்டலாம். எண்ணெய் 20டபிள்யூ-50. என்ஜின் சூடான பிறகு, ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60க்குக் கீழே இறங்கியதில்லை. பிளாக்கை போர் செய்ய அனுப்புவதற்கு முன்னால், என்ஜின் எண் பொறித்த சின்னத் தகட்டை நானே ரிவெட் நீக்கிக் கழற்றி, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தத் தகடு தொலைந்தால் பெயர் மாற்றும்போது காரே தொலைந்த மாதிரி. இப்போது அது அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. குங்குமம் மட்டும் ஒரு மூலையில் ஒட்டியிருக்கிறது.

2010 முதல் 2016 வரை சாலையில் ஓட்டினேன். ஓட்டிய அனுபவத்தை உள்ளபடி சொல்கிறேன். இன்றைய காரிலிருந்து இறங்கி இதில் ஏறுகிறவருக்கு முதல் பத்து நிமிடம் ஏமாற்றம்தான். நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப ஆட்டுக்கல் சுற்றுகிற பலம் வேண்டும். முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை. வண்டி முழுக்க நிற்காமல் போட்டால் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். பிரேக்குக்கு சர்வோ கிடையாது, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். மணிக்கு 60 மைலில் என்ஜின் 3300 சுற்றுக்கு மேல் போய்விடும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச முடியும். நெடுஞ்சாலையில் வடக்கே பினாங்கு வரை போய் வந்தால் காது ஒரு நாள் ரீங்காரம் போடும்.

ஆனால் பழைய சாலையில், செம்பனைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற இடத்தில், மூன்றாவது கியரில் விட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் விரல் நுனியில் பேசும். கியர் கம்பு ஒரு சாண்தான். மணிக்கட்டை அசைத்தால் போதும். சைலன்சர் சத்தம் அடித்தொண்டையில் ஒருவர் சிரிக்கிற மாதிரி இருக்கும். 40 மைலில் போனாலே பறக்கிற மாதிரிதான். அதனால் இதுவரை எனக்கு வேகத்துக்குச் சம்மன் வந்ததே இல்லை. ஒரு தொல்லை உண்டு: கால் வைக்கும் இடம் அடுப்பங்கரை மாதிரி காயும். குளிர் தேசத்துக்குச் செய்த கார், உள்ளே ஹீட்டர் வேறு வைத்திருக்கிறார்கள்! அதன் தண்ணீர்க் குழாயை அடைத்து, ஹீட்டரைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கேமரன் மலைக்குக் குடிபோகிறவர் வாங்கினால் மாட்டிக்கொள்ளட்டும்.

இனிமேல்தான் விஷயம். 2016இல் ஒரு ஞாயிறு மாலை கோலகங்சார் வரை போனேன். அங்கே 1877இல் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. நம் பாட்டன்மார்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தொழிலுக்கு இந்த நாட்டில் விதை போட்ட மரங்களில் ஒன்று. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பின்சக்கரம் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மாற்றினேன். பூட்டில் இருந்த துணியை எடுக்கப் போகும்போது தற்செயலாகக் கதவைத் திறந்தேன்; அப்புறம் அது மூடவில்லை. ஜாக்கியை இறக்கினேன், மூடியது. மறுபடி தூக்கினேன், மூடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். மேலே கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு பெட்டிகள்தான். சில் என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில் மாதிரி வெட்டுவெட்டாக ஒரு பட்டை என்று பல அடுக்கு. அது அரித்துப்போனால் கார் நடுவில் தொய்யும், பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி. கதவு மூடாததற்கு அதுதான் காரணம். வெளியே பார்த்தால் ஒரு சிறு கொப்புளம்தான் தெரிந்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு.

பெரிய ஊரில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பெயர் வேண்டாம். 6,500 வெள்ளி, பதினான்கு மாதம். "எல்லாம் வெட்டிப் புதுசு போட்டாச்சு அண்ணே" என்று பளபளவென்று கறுப்புத் தார் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. உளியால் தட்டினால் விரல் கனத்துக்குப் புட்டி. அதற்குள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள். ஈரத்தில் ஊறியிருந்தும் கால்பந்துச் செய்தி ஒன்றைப் படிக்க முடிந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை, கோப்பி மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஆலையில் பாய்லர் குழாய்க்கெல்லாம் வெல்டிங் செய்கிற தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். நான் வெட்டுவேன், அவன் ஒட்டுவான். தகடுகளை இங்கிலாந்தில் விட்னி என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் செய்கிறது. 1988இலிருந்து எம்ஜிபிக்கு முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கிற நிறுவனம். முழு உடம்பு வாங்க நமக்கு வக்கில்லை. சில் தகடுகள், அடித்தரை, பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதி என்று துண்டு துண்டாக வரவழைத்தேன். கப்பல் கூலி தகடு விலையைத் தொட்டது.

வேலை செய்த முறையைச் சொல்லத்தான் வேண்டும், நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். முதலில் கதவைக் கழற்றி, கதவு இருந்த இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்தோம், சில்லை வெட்டும்போது உடம்பு மடங்காமல் இருக்க. ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். ஒவ்வொரு தகட்டையும் ஒட்டுவதற்கு முன் கதவை மாட்டி, முன்னும் பின்னும் 4 மில்லிமீட்டர் துளைக்கம்பியை நுழைத்து இடைவெளி பார்த்தோம். சரியில்லையென்றால் கழற்றி மறுபடி. உள்பக்கமெல்லாம் துத்தநாகப் பிரைமர், முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சியது. தண்ணீர் வடியும் துளைகளை ஒன்றுகூட அடைக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது. தம்பிக்குக் கல்யாணம், அப்புறம் அவனுக்குக் குழந்தை, அப்புறம் ஊரடங்கு.

வெல்டிங் தழும்பை நான் தேய்த்து மறைக்கவில்லை. அடியில் தார் பூசவில்லை. எபாக்ஸி பிரைமர் மட்டும். சாதாரணப் பிரைமர் என்றால் ஈரத்தைக் குடித்துவிடும், இது குடிக்காது. சாயம் அடிக்காததற்குப் பதில் இதுதான். பழைய கார் தரகர் ஒருவர் வந்து, "ஐயாயிரத்துக்குச் சிவப்பு அடிச்சு விடுங்க அண்ணே, இருபதாயிரம் கூடச் சொல்லலாம்" என்றார். அவர் கணக்கு சரிதான். ஆனால் சிவப்பு அடித்துவிட்டால் என் வேலைக்கும் அந்தப் பதினான்கு மாதப் பட்டறையின் வேலைக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியுமா? நீங்கள் காந்தம் கொண்டு வாருங்கள், டார்ச் கொண்டு வாருங்கள், படுத்துப் பாருங்கள், பாய் நான் தருகிறேன். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். டக்கென்று ஒரே தட்டில் மூடும்.

அடுத்து, மின்சாரம். இதைக் கவனமாகப் படியுங்கள். 1966ஆம் வருடத்து எம்ஜிபியில் உடம்பு பாசிட்டிவ், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். 1967 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் நெகட்டிவுக்கு மாற்றினார்கள். இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ, ஆல்டர்னேட்டர் அல்ல. போன வருடம் என் மருமகன் உதவி செய்கிறேன் என்று மைவியிலிருந்து கம்பி இழுத்தார். சிவப்பைப் பாசிட்டிவில் மாட்டினார். கறுப்பை, எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, காரின் உடம்பில் மாட்டினார். உடம்பும் பாசிட்டிவ் அல்லவா, மைவி பேட்டரி நேருக்கு நேர் ஷார்ட் ஆகிவிட்டது. தீபாவளி மத்தாப்பு. கம்பியின் ரப்பர் உருகி என் பிரைமரில் ஒட்டிக்கொண்டது, வலது வளைவில் அந்தக் கறுப்புத் தடம் இன்னும் இருக்கும். மாப்பிள்ளை என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வயரிங் முழுவதும் பழசு, துணி சுற்றியது. ஓடுகிறது, ஆனால் புது வயரிங் போட்டே தீர வேண்டும். ராத்திரியில் ஓட்டாதீர்கள்.

மற்ற குறைகள் சட்டென்று: பெட்ரோல் முள் பொய் சொல்லும், பாதி என்றால் கால்தான். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் லேசாகக் கசிகிறது. சீட் தோல் கிழிந்து தேங்காய் நார் தெரிகிறது. பம்பர் குரோம் புள்ளி விழுந்துவிட்டது. கம்பிச் சக்கரங்களில் பின் இடது சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறது. கிளம்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான். சக்கரத்தின் நடு நட்டைச் செப்புச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும், இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை எதிரெதிர். தெரியாமல் அடித்தால் இன்னும் இறுகும்.

இன்னொன்று, கருவி. ஆலையில் பழைய ஆங்கிலேய எந்திரங்களுக்கு வைத்திருந்த விட்வொர்த் ஸ்பேனர்கள் பொருந்தும் என்று நினைத்து முதல் வாரமே நான்கு நட்டின் மூலையை மழுக்கினேன். இதற்கு வேண்டியது அரை அங்குலம், 7/16, 9/16 என்று எண் போட்ட வேறு அங்குல செட். ஒரு செட் காருடன் தருகிறேன்.

கெரான் (வண்டிப் பதிவுப் பத்திரம்) என் பெயரில் இருக்கிறது, பேராக் 'ஏ' எண்தகடு. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் கெரானோடு ஒத்துப்போகும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போகும்போது இது முக்கியம். கெரானில் நிறம் சிவப்பு. நீங்கள் பச்சை அடிக்க ஆசைப்பட்டால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) தனியாக மாற்ற வேண்டும். 2016க்குப் பிறகு நான் பொதுச் சாலையில் ஓட்டவில்லை; இந்த மூன்று வருடமாக விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் நேரம்) முன்னால் தோட்டத்து மண்ரோட்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான். கங்காணி வேலையைவிட்டு நின்ற கிழவர் ஒருவர் மட்டும் அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று "சலாம் துரை" என்பார். அவருக்குக் கண் தெரியாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சத்தத்துக்குத்தான் சலாம்.

விலை 45,000 வெள்ளி. நோட்டில் எழுதிய செலவு மட்டும் 46,300, வாங்கிய விலை சேர்க்காமல். என் கூலியை நான் கணக்கில் வைக்கவில்லை. உங்களுக்கு இன்னும் ஒரு 25,000 ஆவது போகும்: சாயம், மேல்துணி, வயரிங், சீட், குரோம். ஜப்பான் என்ஜின் போட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கோப்பி குடித்துவிட்டுப் போனார்.

மேல்துணியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கம்பி இருக்கிறது, துணி மூன்று இடத்தில் கிழிசல். அதனால் பார்க்க வருகிறவர் காலையில் வெயிலில் வர வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், இங்கே அநேகமாக மழை பிடித்திருக்கும். கொட்டகைக்கு வெளியே எடுத்து நிறுத்தி, நாம் இருவரும் உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொள்வோம். எங்கெங்கே ஒழுகுகிறது என்று நானே தொட்டுக் காட்டுகிறேன். உங்கள் பக்கத்தில் இரண்டு இடம், என் பக்கத்தில் ஒன்று. துண்டு கொண்டு வாருங்கள்.